ஆச்சியின் கிழங்கும் வடித்துக் கொட்டிய தண்ணீரும்

"மேடம், சின்ன வயசுல எங்க ஆச்சி தந்ததைத்தான் நான் இன்னைக்கும் சாப்பிடுறேன். பின்ன எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?"

நாகர்கோவிலில் டயட்டீஷியனாக உட்கார்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர் குரலில் லேசாகக் கோபமும் இருக்கும். பரோட்டா தின்றவனுக்கு வரட்டும், மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் தின்ற எனக்கு ஏன் என்கிற ஆதங்கம். சரி, ஆச்சி அதை எப்படிச் செய்தார், சொல்லுங்கள் என்பேன். சேர்மானம் எல்லாம் பிசகாமல் வரும்: தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை. செய்முறைக்கு வரும்போதுதான் தடுமாறுவார்கள். எவ்வளவு செய்தார், எத்தனை பேருக்கு என்று கேட்டால் பதிலே இருக்காது.

எங்கள் ஆச்சி கல்குளம் தாலுகாக்காரர். மரச்சீனி அவருக்கு ஆசைக்குத் தின்கிற பண்டம் இல்லை, பஞ்ச காலத்துச் சோறு. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு அது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது இங்கே பல வீடுகளில் அதுதான் அடுப்பேறியது. தினமும் அதையே தின்றவர்கள் என்பதால், அதை எப்படி வேகவைக்க வேண்டும் என்பதில் ஒரு கண்டிப்பு இருந்தது. அன்று பிடுங்கியதை அன்றே சமைக்க வேண்டும். வெட்டினால் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடியிருந்தால் அந்தக் கிழங்கு சட்டிக்குப் போகாது. தோலோடு உள்தோலையும் உரித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கிழங்கு மூழ்கி மேலே நாலு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்க விடுவார். கொதித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி உப்பு போட்டு மறுபடி வேகவைப்பார். அதற்கு அப்புறம்தான் அம்மியில் சதைத்த தேங்காய்க்கூட்டு. வடித்த தண்ணீர் ஆட்டுத் தொட்டிக்குக்கூடப் போகக் கூடாது. வாயில் வைத்துக் கசந்தால் துப்பிவிட வேண்டும், மிச்சத்தையும் தின்னக் கூடாது.

இதெல்லாம் ஆச்சியின் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், படிக்கப் போகும்வரை. மரச்சீனியில் லினமாரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போது, அதிலேயே இருக்கிற ஒரு நொதி லினமாரினோடு கலந்து அதை உடைக்கிறது. கடைசியில் வெளிப்படுவது சயனைடு. லினமாரின் தண்ணீரில் கரைந்துவிடும், வெளிப்பட்ட சயனைடு கொதியில் ஆவியாகப் போய்விடும். சின்னத் துண்டு, நிறையத் தண்ணீர், திறந்த பாத்திரம், வடிப்பு என்று ஆச்சி செய்த நாலும் இந்த ஒரே வேலைக்குத்தான். வீட்டுத் தோட்டத்து ரகங்களில் இது குறைவு. கசப்பு ரகத்தில் அதிகம், மழை பொய்த்த வருடத்தில் நல்ல ரகத்திலும் கூடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பதி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் போனில் அழைத்தார்கள். கடையில் வாங்கிய கிழங்கைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டு, குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, நாலு விசில். தண்ணீரை வடிக்கவே இல்லை, சத்து போய்விடுமாம். தின்று இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் தலைசுற்றலும். கிழங்கு கசந்ததா என்றால், ஆமாம், ஊர்க்கிழங்கு மாதிரி இல்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டோம் என்கிறார்கள். பேச்சை வளர்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பிழைத்தார்கள். கிழங்கு தின்ற பிறகு வாந்தி, தலைவலி, மயக்கம், மூச்சு வாங்குதல் எது வந்தாலும் சுக்குக் காப்பி போட்டுப் பார்க்கிற நேரம் அது அல்ல.

இன்னொன்றும் உண்டு. "வெறுங்கிழங்கு தின்னாதே, கறி இல்லேன்னா ஒரு கருவாட்டையாவது சுடு" என்பார் ஆச்சி. நூறு கிராம் கிழங்கில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல், புரதமோ ஒரு கிராம் சொச்சம்தான். நூறு கிராம் சாளையில், அதாவது மத்தி மீனில், புரதம் 20 கிராம் அளவுக்கு இருக்கும். உடம்புக்குள் போகிற கொஞ்சநஞ்சம் சயனைடை முறிக்கக் கந்தகம் வேண்டும், அது புரதத்திலிருந்துதான் வரும். முறிந்து உண்டாகும் பொருள் தைராய்டுக்கு அயோடின் போகாமல் தடுக்கும். கடல்மீனில் அயோடின் இருக்கிறது. மரச்சீனிக்குச் சாளைக்கறி என்று சேர்த்துவைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். இப்போது சாளையை ஒதுக்கிவிட்டுக் கிழங்கும் பப்படமுமாகத் தின்கிறார்கள். அது ஆச்சியின் சாப்பாடு இல்லை.

கருப்பட்டியைப் பற்றி எழுதினால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். எழுதித்தான் ஆக வேண்டும். கருப்பட்டியும் இனிப்புதான், சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் அதுவும் ஏறும். ஆச்சி காப்பியில் ஒரு கடி போட்டுக் குடித்தார், நாளுக்கு ஒரு தடவை. நீங்கள் "கருப்பட்டிதானே" என்று நாலு தடவை குடிக்கிறீர்கள். தேங்காயும் அப்படித்தான். ஒன்பது பேர் வீட்டுக்கு ஒரு தேங்காய் உடைத்த கைப்பக்குவத்தை மூன்று பேர் வீட்டில் ஒரு தேங்காயை வைத்துச் செய்தால் ருசி கூடும், கொழுப்பும் கூடும். பிரஷர்காரர்கள் கருவாட்டை மறந்துவிடலாம், ஆச்சி என்ன சொல்லியிருந்தாலும் சரி.

ஆச்சி வீட்டு ராத்திரிச் சாப்பாடான கஞ்சியும் பயறும் சம்மந்தியும் (தேங்காய்த் துவையல்) மட்டும் யார் வீட்டிலும் காணோம். கொண்டாட வேண்டியது அதைத்தான். விருந்தாளி வந்தால் வைக்க முடியாத சாப்பாடு என்று கைவிட்டார்களோ என்னவோ.

முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. ஆச்சி காலத்துச் சிரட்டை அகப்பை இன்னும் வீட்டில் கிடக்கிறது என்றார். ஒரு ஆளுக்கு எத்தனை அகப்பை விளம்புவார்கள் என்று கேட்டேன். வயலுக்குப் போகிறவனுக்கு மூன்று, மற்றவர்களுக்கு இரண்டு. அடுத்த முறை வரும்போது அகப்பையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், கூடவே டிபன்பாக்ஸில் கிழங்கும். தராசில் வைத்தோம். இரண்டு அகப்பை இருநூறு கிராம் வந்தது. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் அளவைத் தட்டில் வைக்கச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டே வைத்தார், அரைக் கிலோவைத் தாண்டியது.

கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆச்சி இருந்திருந்தா அகப்பையாலேயே அடிச்சிருப்பா" என்றார். அப்புறம், "மீனுக்கும் இப்படி அளவு உண்டா மேடம்?"

"பொரிக்காம குழம்பா வச்சா சாளை ரெண்டு கூடவே போட்டுக்கோங்க" என்றேன்.