இருவருக்கு ஒரு முட்டை போதும்: வீட்டில் செய்யும் பவுண்ட் கேக்கின் அளவு

பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்க, வீட்டில் கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் குடும்பங்களிலிருந்து சர்க்கரை நோய்க்கான உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், "கேக்கைக் கடையில் வாங்குவதே இல்லை, வீட்டில்தான் செய்கிறோம்" என்று நிம்மதியோடு சொல்கிறார்கள். வனஸ்பதிக்குப் பதில் வெண்ணெய் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் இரத்தச் சர்க்கரைக்கு வீட்டுக் கேக், கடைக் கேக் என்ற பேதம் தெரியாது.

பவுண்ட் கேக் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழக்கில் இருந்த பண்டம். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடுத்துச் செய்ததால் கலவையே 1.8 கிலோ வரும். இன்றைய செய்முறைகள் அதைக் குறைத்திருந்தாலும், நான்கு முட்டைக் கேக்கை இருவர் முடிக்க நான்கைந்து நாள் ஆகிறது. காபியோடு ஒரு துண்டு, இரவில் இன்னொரு துண்டு என்று அது தினசரி உணவாகிவிடுகிறது.

நான் சொல்வது ஒரு முட்டைக் கணக்கு. ஓடு நீக்கிய ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். மைதாவும் உப்பில்லாத வெண்ணெயும் அதே அளவு எடுத்துக்கொண்டு, சர்க்கரையை மட்டும் 40 கிராமாகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கேக் வறண்டுவிடும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. விரல் பதியும் அளவுக்கு இளகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு நிறம் வெளுக்கும்வரை அடித்து, முட்டையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து சலித்த மைதாவை மெதுவாகக் கலக்க வேண்டும். இதை இரண்டு சிறு கிண்ண அச்சுகளில் ஊற்றி, முன்பே சூடேற்றிய அவனில் 170 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வைத்து, நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வருகிறதா என்று பாருங்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் கலவையை வழித்துச் சுவைக்க வேண்டாம்.

இப்படிச் செய்தாலும் ஒருவர் பங்கில் 20 கிராம் சர்க்கரையும் ஏறக்குறைய 380 கலோரியும் இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அன்றைய காபியையும் டீயையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினாலும் கணக்கு பெரிதாக மாறாது. எனவே சர்க்கரை நோயாளிகள் மாதத்தில் ஒரு நாள், அதுவும் பாதிப் பங்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வேளைச் சோற்றையோ இட்லியையோ அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். கேக் சாப்பிட்டதை ஈடுகட்ட மாத்திரையையோ இன்சுலினையோ தாங்களாகக் கூட்டிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. அப்படிச் செய்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம்.