பால்மரம் இலை கொட்டும் மாதமும் செயற்கைக்கோளும்

மேலிருந்து பார்த்தால் காடு, செம்பனை (எண்ணெய்ப்பனை), பால்மரம் (ரப்பர் மரம்) எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும்போது, மலேசியாவின் கிள்ளான் ஆற்று வடிநிலத்தில் எந்த நிலம் எப்போது மாறியது என்பதைச் செயற்கைக்கோள் எவ்வாறு கண்டுகொள்கிறது என்று ஷா ஆலாம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய ஐயம் நியாயமானதே. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பால்மரத்தையும் காட்டையும் பிரிப்பதில் வல்லுநர்களும் தடுமாறுவார்கள்.

பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியிலோ ஏறத்தாழப் பாதியை, இலைக்குள் இருக்கும் காற்றிடைவெளிகள் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இலையிலிருந்து திரும்பிவரும் இவ்விரு ஒளிகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, அகச்சிவப்பு 0.44, சிவப்பு 0.04 எனில் குறியீடு 0.83, அடர்ந்த பசுமை என்று பொருள்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோட்டத்தில் பால் வெட்டிய முதியவர்களுக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறண்ட வாரங்களில் பால்மரம் இலை கொட்டும், அப்போது பால் குறையும், பிறகு செம்பழுப்பாகத் துளிர்விட்டு மீண்டும் பச்சையாகும் என்பது தெரியும். அந்த வாரங்களில் பால்மரத்தோப்பின் குறியீடு சரிந்து, புதுத்தளிர் முதிர்ந்ததும் ஏறிவிடுகிறது. அருகிலுள்ள மழைக்காட்டிலும் செம்பனையிலும் அத்தகைய பள்ளம் விழுவதில்லை. ஆகவே பல ஆண்டுப் படங்களை வரிசையாக அடுக்கினால், எந்த மரம் என்பதை அதன் நிறத்தைவிட, அது நாட்காட்டியோடு ஆடும் ஆட்டமே காட்டிக்கொடுக்கிறது.

நம் வானத்து மேகங்கள்தாம் பெரிய தடை. நிலத்தைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை கடந்து செல்லும்போது மேகம் மூடியிருந்தால் அந்தப் படம் வீண். ஆகவே ஒரு பருவத்தின் பல படங்களிலிருந்து தெளிவான புள்ளிகளைப் பொறுக்கி ஒன்றாக்குகிறார்கள். 2008-இல் அந்தப் படங்கள் இலவசமாக்கப்பட்ட பிறகே இது பரவலாகச் சாத்தியமாயிற்று. செயற்கைக்கோளை ஏற்றிச்செல்லும் ராக்கெட்டுகளுக்குப் பணம் ஒதுக்கும் உலகம், களத்துக்குச் சென்று மரத்தைப் பார்த்துச் சரிபார்ப்பவருக்குச் சம்பளம் தரத் தயங்குவது எனக்கு இன்றும் புரியாத கணக்கு.

நிலம் மாறும்போது அந்த ஆட்டமும் மாறிவிடுகிறது. தோப்பு அழிக்கப்பட்டால் குறியீடு சரிந்து மறு பருவத்திலும் ஏறாது. மூன்று நான்கு ஆண்டுகளில் அது பள்ளமின்றி உயர்ந்து நிலைத்தால் அங்கே செம்பனை நின்றிருக்கலாம். தாழ்ந்தே கிடந்தால் பெரும்பாலும் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீட்டுக் கூரைகளும் தார்ச்சாலைகளுமாகவே இருக்கும். மண்ணுக்குள் இறங்கவேண்டிய மழைநீர் அங்கிருந்து வடிகால் வழியாக நேரே கிள்ளான் ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது.