யூகலிப்டஸ் தைலம் குடிக்கிற மருந்து இல்லை

போன வாரம் ராத்திரி, இரண்டு வயதுப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மாயி ஓடிவந்தார். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. குனிந்ததுமே வாயிலிருந்து யூகலிப்டஸ் வாசம். "நெஞ்சுச் சளிங்க டாக்டர். ஏற்காட்டுல வாங்குன சுத்தமான தைலம், அரை ஸ்பூன் தேன்ல குழைச்சுக் குடுத்தேனுங்க." சொல்லி முடிப்பதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாள் ஐசியூ. பிழைத்துக்கொண்டாள். இந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்த மூன்றாவது குழந்தை இவள்.

"மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும்னு போட்டிருக்கே சார்?" என்று குழந்தையின் அப்பா கேட்டார். பொய் இல்லை. தைலத்தில் இருக்கும் முக்கியப் பொருளான சினியோலுக்கு அந்தக் குணம் உண்டு. 2003இல் ஜெர்மனியில், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்தார்கள். சினியோல் எடுத்தவர்களால் ஸ்டீராய்டை நன்றாகவே குறைக்க முடிந்தது. ஆனால் அவர்கள் பெரியவர்கள். வேளைக்கு 200 மில்லிகிராம்தான். அம்மாயி கொடுத்த அரை ஸ்பூனில் அதைப்போல ஏழெட்டு மடங்கு இருக்கும், அதுவும் ஒரே மடக்கில்.

"இலையில இருந்து எடுக்கிறதுதானே, என்ன பண்ணிடும்?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இலை வேறு, தைலம் வேறு. ஒரு கிலோ பச்சைத் தழையைக் காய்ச்சி வடித்தால் ஏறக்குறைய 10 மில்லிதான் கிடைக்கும். அப்படியானால் அரை ஸ்பூன், அதாவது இரண்டரை மில்லி, என்பது கால் கிலோ தழை. கால் கிலோ தழையை அரைத்துக் குழந்தைக்கு ஊட்டுவீர்களா? கற்பூரவல்லி இலை இரண்டைக் கசக்கிச் சாறு கொடுத்த பழக்கத்தில் இதையும் கொடுக்கிறீர்கள். "சுத்தமான தைலம்" என்பது இங்கே ஆறுதல் இல்லை. சுத்தமாக இருக்க இருக்க வீரியமும் அதிகம்.

தைலத்தை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். சின்னக் குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவவே கூடாது, மூச்சு அடைத்துவிடும். கற்பூரமும் அப்படித்தான், அதுவும் வலிப்பைக் கொண்டுவரும். டானிக் பாட்டில் பக்கத்தில் தைல பாட்டிலை வைக்காதீர்கள், தயவுசெய்து.

தப்பித் தவறி குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். அந்த அம்மாயி அதை முந்தானையில் முடிந்து எடுத்துவந்திருந்தார். என்ன கொடுத்தார் என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. வீட்டில் யாரும் அவரைத் திட்டாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.