சரக்கு அடித்த ராத்திரி நெஞ்சு எரிவது ஏன்?

குடித்த ராத்திரி நெஞ்சு எரிந்தால் முதல் பழி சைடு டிஷ் மேல்தான் விழும். சில்லி சிக்கனில் காரம் ஓவர், ஊறுகாய் ஒத்துக்கொள்ளவில்லை, இப்படி. இன்னும் சிலர் மதுவே அமிலம், அதனால்தான் எரிகிறது என்பார்கள். காரத்துக்கும் எண்ணெய்க்கும் பங்கு உண்டுதான், ஆனால் அமிலக் கணக்கு தப்பு. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் ஒயின் 3-லிருந்து 4-க்குள், பீர் 4-ஐ ஒட்டி இருக்கும். நம் இரைப்பை சுரக்கும் அமிலமோ 1.5, 2 என்று நிற்கும், இந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தாலே அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. ஆக, வெளியிலிருந்து ஊற்றுகிற அமிலம் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே இருக்கிற அமிலம் இருக்கவேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறுவதுதான் சங்கதி.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளையத் தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி எப்போதும் இறுகியே இருக்கும், விழுங்கும்போது தளர்ந்து வழிவிடும், ஏப்பம் வரும்போதும் சில நொடிகள் திறந்து மூடும். மது இந்த இறுக்கத்தைக் குறைத்துவிடுகிறது, அந்தத் தசை தானாகத் திறந்துகொள்வதும் கூடுகிறது. இது ஏற்கெனவே அல்சர், கேஸ் என்று அவதிப்படுகிறவர்களுக்கு மட்டும் நடப்பது இல்லை. நெஞ்செரிச்சலே தெரியாத ஆரோக்கியமானவர்களுக்கு மது கொடுத்து, மூக்கு வழியாக மெல்லிய பி.எச். கம்பியை உணவுக்குழாய்க்குள் இறக்கி அளந்து பார்த்த ஆய்வுகளிலும் அமிலம் மேலே வந்தது பதிவாகியிருக்கிறது.

கொஞ்சம் அமிலம் எதுக்களிப்பது எல்லோருக்கும் நாள்தோறும் நடப்பதுதான், வந்த வேகத்தில் அதைத் துடைத்துவிட உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. உணவுக்குழாய் அலை அலையாகச் சுருங்கி அமிலத்தைக் கீழே தள்ளும், அப்புறம் விழுங்குகிற எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்சத்தை முறித்துவிடும். மது அந்த அலைகளையும் மந்தமாக்குகிறது. அதோடு தூங்கிப்போனால் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும், படுத்திருப்பதால் புவியீர்ப்பின் உதவியும் போச்சு. குடிக்கும்போது ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, நடுராத்திரி தொண்டை வரை புளித்து வந்து எழுப்புவது இதனால்தான்.

சரி, பீரா பிராந்தியா? 'பீர்தானே, ஒண்ணும் பண்ணாது' என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இரைப்பையை அதிகமாக அமிலம் சுரக்க வைப்பது பீரும் ஒயினும்தான். விஸ்கி, பிராந்தி, ஜின் போன்ற காய்ச்சி வடித்தவை அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை. காரணம், தூண்டுவது ஆல்கஹால் அல்ல, நொதிக்கும்போது உண்டாகும் சக்சினிக் அமிலம் போன்ற துணைப் பொருட்கள், வடிக்கும்போது இவை பின்தங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு பீரில் கேஸ் இருக்கிறது, ஒரு பாட்டில் 650 மில்லி. வயிறு உப்பினால் அந்தத் தசை திறக்கும், ஏப்பம் வரும், ஏப்பத்தோடு அமிலமும் வரும்.

அதற்காக பிராந்திக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, 5 சதவீத பீர் பாட்டிலில் 25 கிராம்தான். தசை தளர்வது இந்த ஆல்கஹாலால். இதையே ராவாக அடித்தால் உணவுக்குழாயின் உள்தோலை நேராகவே எரிச்சலூட்டும், வயிறு காலியாவதும் தாமதமாகும். எரியாமல் இருக்க சோடா கலந்தால் கேஸ் திரும்ப வந்துவிடுகிறது, என்ன செய்ய. பொரித்த கறி வேறு, கொழுப்பும் அதே தசையைத் தளர்த்துகிற ஆள், பழி சைடு டிஷ் மேல் விழுவதில் பாதி நியாயம் இருக்கிறது.

இப்போதெல்லாம் குடிக்கப் போகுமுன் ஒரு பான்டோபிரசோல் போட்டுக்கொள்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்த மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்குமே தவிர, தளர்ந்த தசையை இறுக்காது. மேலே வருவது வந்துகொண்டுதான் இருக்கும், புளிப்பு குறைவதால் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பாலும் அப்படித்தான், குடித்ததும் குளுகுளுவென்று இருக்கும், அப்புறம் அதில் உள்ள புரதமும் கால்சியமும் இன்னும் அமிலம் சுரக்க வைக்கும். அளவைக் குறைப்பதும் குடித்துச் சாப்பிட்டதும் படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விடுவதும் இதைவிடப் பயன் தரும். படுத்தால் இடது பக்கமாகப் படுக்கலாம், அப்போது அந்த வளையத் தசை இரைப்பையில் தேங்கிய அமிலத்துக்கு மேலே நிற்கும், வலது பக்கம் புரண்டால் அமிலத்துக்குள் மூழ்கிவிடும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். உணவுக்குழாயின் வலியும் இதயத்தின் வலியும் ஏறக்குறைய ஒரே நரம்பு வழியில் போவதால் இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டருக்கே கஷ்டம். நெஞ்சில் அழுத்தத்தோடு வியர்வை கொட்டினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், கேஸ்தான் என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.