எந்த வாசல் வரை வரலாம்?

சிசிலித் தீவின் நடுவே, பியாட்சா அர்மெரினா ஊருக்கு வெளியே, கி.பி. 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்று இருக்கிறது. பெயர் வில்லா ரோமானா தெல் கசாலே. சுமார் 3,500 சதுர மீட்டருக்கு, வண்ணக் கல்துண்டுகளைப் பதித்துப் படம் அமைத்த மொசைக் தரை. 1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தரையில் உள்ள படங்களைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிடச் சுவாரசியம், அந்த வீடு வருகிற ஆளை எடைபோட்ட விதம்.

பேரரசர் மாக்சிமியனின் மாளிகை என்றுதான் முதலில் பலர் நினைத்தார்கள். இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள், செல்வாக்குள்ள நிலப்பிரபு ஒருவருடையது என்கிறார்கள். ஒரு தனியார் வீட்டைப் பார்த்து அரண்மனை என்று மயங்க முடிந்ததே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பேரரசர் டயோக்லீஷியன் காலத்திலிருந்து அரசவைச் சடங்குகள் கடுமையாகிவிட்டன. பேரரசர் முன் மண்டியிட்டு, அவருடைய ஊதா அங்கியின் ஓரத்தை முத்தமிட வேண்டும். அந்த வாய்ப்புக் கிடைப்பதே கௌரவம். பிரபுக்களும் தங்கள் வசதிக்கேற்ப அதே தோரணையை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

பிரபுவை நம்பிப் பிழைப்பவர்கள் காலையில் அவர் வீட்டுக்குப் போய் வணக்கம் வைப்பது ரோமில் வெகுகாலப் பழக்கம். சாமானியருக்குப் பெரிய முகப்பு மண்டபம் தேவையில்லை, அவர்கள் பிறர் வீட்டுக்குப் போகிறவர்களே தவிர, அவர்களைத் தேடி யாரும் வருவதில்லை என்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பச்சையாக எழுதிவைத்திருக்கிறார்.

கசாலேயில் அப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வளைவுள்ள வாயிலைத் தாண்டினால் வெளிமுற்றம். குளியல் கூடத்துக்கு இங்கிருந்தே வழி உண்டு. வீட்டுக்குள் விடாமலேயே ஒருவரைக் குளிப்பாட்டி உபசரித்து அனுப்பிவிடலாம்! அடுத்தது ரேழி. அதன் தரையில், கையில் விளக்குத் தண்டும் இலைக்கொத்துமாக வரவேற்கும் உருவங்கள். அதைக் கடந்தால் தூண்கள் சூழ்ந்த முற்றம், நடுவில் நீரூற்று. வாயிலிலிருந்து இதுவரை வந்த பாதை நேர்கோடு அல்ல, திரும்பித்தான் வரவேண்டும். ஆகவே உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெருவாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

முற்றத்திலிருந்து படியேறினால் 60 மீட்டருக்கு மேல் நீளமான நடைக்கூடம். தரை முழுக்க வேட்டை. ஒட்டகப்பறவைகளைத் தூக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஒரு முனையில் யானைத் தந்தம் ஏந்திய பெண், பக்கத்தில் யானையும் புலியும். இந்தியாவின் உருவகம் என்று பலரும் கருதுகிறார்கள். அங்கே ஒரு தாய்ப்புலி கண்ணாடிக் கோளம் ஒன்றின் முன் நிற்கிறது. குட்டியைத் திருடுபவன் கோளத்தை வீசிவிட்டு ஓடுவானாம். அதில் தெரியும் தன் பிம்பத்தைக் குட்டி என்று நம்பிப் புலி நின்றுவிடுமாம். புலியை ஏமாற்ற முடியுமோ என்னவோ, வந்தவரை அசத்தியிருக்கும். உலகின் இரு கோடியிலிருந்தும் மிருகங்களை வரவழைக்கிற கைக்கு எவ்வளவு நீளம் என்று காத்திருக்கும் நேரத்தில் அவர் கணக்குப் போட்டிருப்பார்.

மேலும் சில படிகள் ஏறினால் பசிலிக்கா எனும் சபைக்கூடம். இங்கே மொசைக் கிடையாது. பல வண்ணப் பளிங்குகளை வெட்டிப் பொருத்திய தரை. அது மொசைக்கைவிட விலை உயர்ந்தது. கூடத்தின் கோடியில் சுவர் அரைவட்டமாக உள்வாங்கியிருக்கும். அங்கேதான் பிரபு. நேர்க்கோட்டில் நடந்து வருபவரின் கண்ணுக்கு வேறு போக்கிடமில்லை. முதுகுக்குப் பின்னால் வளைந்த சுவர், உட்கார்ந்தவரைச் சுற்றிச் சட்டம் போட்டது மாதிரி நிற்கும்; அவர் குரலையும் கூடத்தின் பக்கமே திருப்பிவிடும்.

இந்த உத்தியின் அரச வடிவத்தை ஜெர்மனியின் ட்ரியர் நகரில் இன்றும் முழு உயரத்தில் பார்க்கலாம். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து அந்தக் கூடத்தின் நீளம் சுமார் 67 மீட்டர், உயரம் 33 மீட்டர். அரைவட்டப் பகுதியின் ஜன்னல்களைச் சற்றுச் சிறிதாகவும் தாழ்வாகவும் வைத்திருக்கிறார்கள். தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரியும் என்று பழகிய கண், அந்தப் பகுதி இன்னும் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. பேரரசர் எட்டாத் தொலைவில் இருக்கிறார் என்ற உணர்வு அப்படி வருகிறது.

விருந்துக்கு அழைக்கப்பட்டவருக்கும் சோதனை முடியவில்லை. கசாலேயின் விருந்துக்கூடத்தில் மூன்று அரைவட்டப் பகுதிகள். நடுத்தரையில் புராண வீரன் ஹெர்குலிஸ் வீழ்த்திய எதிரிகள் சிதறிக் கிடக்கிறார்கள். அக்காலத்தில் பிறைவடிவ மஞ்சத்தில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார்கள். பிறையின் இரு முனைகளும்தான் உயர்ந்த இடம். கி.பி. 461-இல் ஆர்ல் நகரில் பேரரசர் மஜோரியன் கொடுத்த விருந்தை, அதில் கலந்துகொண்ட கவிஞர் சிடோனியஸ் அப்போலினாரிஸ் கடிதத்தில் விவரிக்கிறார். வலது முனையில் பேரரசர், இடது முனையில் அவ்வாண்டின் கான்சல் எனும் உயர்பதவியாளர். அந்த முனையிலிருந்து தகுதி இறங்கிக்கொண்டே வரும். கடைசி ஆளாக சிடோனியஸ். அதாவது, வரிசையில் கடைசியானவருக்குப் பேரரசரை ஒட்டிய இடம்! பேசச் சௌகரியம், ஆனால் கௌரவம் எதிர்முனையில். பக்கத்தில் இருந்தால் செல்வாக்கு என்று நாமாக நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

12-ஆம் நூற்றாண்டில் நிலச்சரிவு கசாலேயை மூடியதால் மொசைக்குகள் பிழைத்தன. 1950-களில் பெரிய அளவில் தோண்டினார்கள். இன்று பயணிகள் உயரமான நடைபாதைகளில் நின்று குனிந்து பார்க்கிறார்கள். கூட்டம் மொய்ப்பது, பிகினி போன்ற உடையில் பெண்கள் விளையாடும் சிறிய அறையில். பசிலிக்காவின் பளிங்கில் மிஞ்சியது கொஞ்சம்தான். வீட்டின் அத்தனை வழிகளும் எந்தக் கூடத்துக்காகப் போடப்பட்டனவோ, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.