கீஸ்டோன் ஸ்பீசிஸ்: தமிழில் அச்சாணி உயிரினம்

பொருள்: ஓர் உயிர்ச்சூழலில், தன் எண்ணிக்கையை வைத்து எவரும் எதிர்பார்க்க முடியாத அளவுக்குப் பெரிய விளைவை உண்டாக்கும் உயிரினம். அது மறைந்தால், அதை ஒருநாளும் நேரில் கண்டிராத உயிர்களின் வாழ்வும் நிலைகுலையும்.

உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி ஓநாய்களைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தாள். கீஸ்டோன் ஸ்பீசிஸ் என்பதற்கு அவள் 'முக்கிய இனம்' என்று எழுதியிருந்தாள். உயிர்ச்சூழலில் முக்கியமில்லாத உயிர் ஏது? புல்லும் மண்புழுவும் முக்கியமே. 'இனம்' என்பதும் இங்கே இடறுகிறது. தமிழகப் பாடநூல்களில் அச்சொல்லோ 'சிற்றினம்' என்பதோ குழப்பம் தராது; சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பேசி, இன நல்லிணக்கம் என்ற தொடரைப் பள்ளியிலிருந்தே கேட்டு வளரும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு 'இனம்' என்றதும் மனிதர்களே நினைவுக்கு வருவார்கள். ஆகவே 'உயிரினம்' என்று முழுமையாகச் சொல்வதே நமக்குத் தெளிவு.

கீஸ்டோன் என்பது கட்டடக் கலைச் சொல். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துப் பழைய கடைவீடுகளில் ஐந்தடிப் பாதைக்கு எதிர்ப்புறம் நின்று மேல்மாடியை அண்ணாந்து பார்த்தால், சில வளைவுச் சன்னல்களின் உச்சி நடுவில் மேலே அகன்று கீழே குறுகிய ஆப்பு வடிவத்தைக் காணலாம். நம் கடைவீடுகளில் அது பெரும்பாலும் சுதை அலங்காரமே. மெய்யான கல்வளைவில் கடைசியாக வைக்கப்படும் கல் அதுதான். அதுவரை இருபுறக் கற்களையும் கீழிருந்து மரச்சாரம் தாங்கும். அக்கல் இறுகியபின் சாரத்தை எடுத்துவிடலாம்.

இக்கட்டடச் சொல்லை 1969இல் உயிரியலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் பெய்ன். அவர் முதலில் ஆராய்ந்தது ஓநாயை அன்று, நட்சத்திர மீனை. வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் குறிப்பிட்ட ஒரு பகுதியிலிருந்து அவற்றைத் தொடர்ந்து அகற்றிவந்தார். அவற்றுக்கு இரையாகிவந்த மட்டிச் சிப்பிகள் பெருகிப் பாறையை அடைத்துக்கொண்டன; அங்கிருந்த 15 வகை உயிர்கள் 8 ஆகக் குறைந்தன.

ஓநாய் இச்சொல்லின் முகமாக மாறியது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவால். அங்கே ஓநாய்களைக் கொன்று தீர்க்கும் வேலை 1926 வாக்கில் முடிந்தது. அதன்பின் எல்க் மான்கள் பெருகி, ஆற்றோர வில்லோ, ஆஸ்பென் மரங்களின் இளங்கிளைகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்தன. வில்லோ குன்றவே, அதைத் தின்று அதைக் கொண்டே அணைகட்டி வாழும் பீவர்கள் குறைந்தன. (பீவரை நீர்நாய் என்று எழுதிவிடக் கூடாது, நீர்நாய், நம் காலாங் ஆற்றில் மீன் பிடிக்கும் வேறொரு விலங்கு.) 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டன. 1994இல் ஏறத்தாழ 19,000 ஆக இருந்த வடபகுதி எல்க் கூட்டம் பின்னாளில் 4,000 அளவுக்கு இறங்கியது. கரடி, மலைச்சிங்கம், மனித வேட்டை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. பல இடங்களில் வில்லோ மீண்டும் உயர்ந்தது. ஓநாய் தின்று விட்டுப்போன மிச்சத்தில் அண்டங்காக்கையும் கழுகும் கரடியும் பசியாறின.

இத்தனைக்கும் பொருந்தும் தமிழ்ச் சொல் எது? 'மூலைக்கல்' என்போர் உண்டு. அது அடித்தளத்தில் முதலில் இடும் கல். கீஸ்டோனோ உச்சியில் கடைசியாக வைப்பது. 'மையக்கல்' பிழையன்று, ஆயினும் கல்வளைவு கட்டுவதைக் காணாத தமிழ்க் காதில் அது எந்தக் காட்சியையும் எழுப்புவதில்லை. நான் பரிந்துரைப்பது 'அச்சாணி உயிரினம்'.

அச்சு என்பது சக்கரங்களைக் கோக்கும் தண்டு; சக்கரம் கழன்றுவிடாமல் அதன் முனையில் செருகும் ஆணி அச்சாணி. வண்டிக்காரர்கள் கடையாணி என்பார்கள். விரல் நீளத்துக்குச் சற்று மிகுந்த அவ்விரும்பைத் திருக்குறள் 667ஆம் குறளில் பெருந்தேரோடு சேர்த்து வைத்து, உருவின் சிறுமை கண்டு எவரையும் இகழாதே என்கிறது. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. சிறியது, எண்ணிக்கையில் குறைந்தது, நீங்கினால் முழுவதும் சாய்வது ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் தமிழுக்குக் கட்டடக் கல்லைக் கடன்வாங்கும் தேவையில்லை. சிங்கப்பூருக்கும் இது அயல் உவமையன்று: இங்குள்ள கிரேத்தா ஆயர் வட்டாரத்தின் மலாய்ப் பெயருக்கே நீர்வண்டி என்றுதான் பொருள், மாடு இழுத்த அவ்வண்டிகளும் இத்தகைய ஆணியை நம்பியே உருண்டிருக்கும்.

கல்வளைவு காட்டாத ஒன்றையும் இவ்வுவமை காட்டுகிறது. ஆணி விழுந்து வண்டி குடைசாய்ந்தபின், ஆணியை மட்டும் தேடிச் செருகினால் வண்டி தானாக நிமிர்ந்துவிடாது. பீவர்கள் நெடுங்காலம் இல்லாமற்போன யெல்லோஸ்டோன் ஓடைகள் சில, தடுக்க அணையின்றி மண்ணை ஆழமாக அரித்துவிட்டன. நிலத்தடி நீர் கீழிறங்கிவிட்டது. ஓநாய்கள் வந்தும் அங்கே வில்லோ பழைய உயரத்தை எட்டவில்லை.

உச்ச வேட்டை விலங்கு (தன்னை வேட்டையாட வேறு விலங்கில்லாதது) என்பதும் அச்சாணி உயிரினம் என்பதும் ஒன்றல்ல. ஓநாய் இரண்டுமாகும், பீவர் தாவரமே தின்னும் அச்சாணி உயிரினம். வெப்பமண்டலக் காடுகளில், மற்ற மரங்கள் பழுக்காத மாதங்களிலும் பழம் தந்து பறவைகளைக் காக்கும் அத்தி வகை மரங்களும் அப்படியே. என் அடுக்குமாடிக்கு அருகிலுள்ள அத்தி பழுக்கும் வாரத்தில், இலையோடு இலையாகப் பச்சைப்புறாக்கள் விடியலிலேயே வந்து அடைந்துவிடும். 'அச்சாணி விலங்கு' என்று சொல்லைச் சுருக்கினால் அந்த மரத்துக்கு அதில் இடமிருக்காது.