சீட்டில் 'கீழ்ப்பாக்கம்' என்று எழுதினால் கத்தரிக்காதீர்கள்

போன வாரம் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு இருபத்திரண்டு வயது. எட்டு மாதத்துக்கு முன்னால், சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த அதே சீட்டு அவர் கையில் இருந்தது, ஆனால் மேல்பகுதி இல்லை. 'கீழ்ப்பாக்கம்' என்று இருந்த வரியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார். "மூத்தவளுக்கு வரன் பாக்குறோம் சார், யாராவது பாத்துட்டா?" என்றார். சீட்டு பீரோவில் இருந்த எட்டு மாதமும் பையன் பின்கட்டில் இருந்திருக்கிறான். கணுக்காலைச் சுற்றிச் சங்கிலி உரசிய புண், ஓரிடத்தில் சீழ் வைத்திருந்தது.

இந்த மாதிரி இன்னொரு கணுக்காலைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. 1794-ல் வாலண்டைன் கோனலி என்ற மருத்துவர் மெட்ராஸில் மனநலம் குன்றியவர்களுக்காகத் தொடங்கிய விடுதிதான் இந்த ஆஸ்பத்திரியின் வேர். 1871-ல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் 'லூனடிக் அசைலம்', அதாவது பைத்தியக்கார விடுதி, வந்தது. அன்றிருந்த 1912 லூனசி சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு உள்ளே அனுப்ப முடிந்தது. அன்றைக்கு மருந்தென்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் கிடையாது. மனநோய்க்கான முதல் பெரிய மருந்தான குளோர்புரோமசின் வந்ததே 1950-களில்தான். ஆக, உங்கள் தாத்தா பயந்ததில் நியாயம் இருந்தது.

1922-ல் அது அரசு மனநல மருத்துவமனை ஆனது. 1961-ல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன் நோயாளிகளின் மறுவாழ்வுக்காகப் பாடுபட்டார். ஓய்வுக்குப் பிறகும் விடாமல் 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1978-லேயே 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மென்டல் ஹெல்த்' என்று பெயரும் மாறிவிட்டது. நம் வாயில் மட்டும் இன்னும் அது 'கீழ்ப்பாக்கம் கேஸ்'.

"உள்ளே போனால் வெளியே விட மாட்டார்கள்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் புறநோயாளிகள். ஓபி-யில் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகிறவர்கள். தானாக வந்து சேர்ந்தவர், போகிறேன் என்று சொன்னால் பொதுவாக அனுப்பியாக வேண்டும். அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில் குடும்பம் சேர்த்தாலும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி முதலில் 30 நாள்தான். அதற்கு மேல் வைக்க மனநல மருத்துவர்கள் காரணம் எழுத வேண்டும், மறுஆய்வு வாரியம் ஒப்ப வேண்டும். அப்படியிருந்தும் சிலர் வருடக்கணக்கில் மனநல மருத்துவமனைகளிலேயே இருந்துவிடுகிறார்கள், உண்மைதான். அவர்களில் பலர் எப்போதோ குணமானவர்கள். கூட்டிப்போக ஆள் வரவில்லை, அவ்வளவுதான். விலாசத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு. கதவைச் சாத்தியது ஆஸ்பத்திரி இல்லைங்க, வீடு.

ஆஸ்பத்திரிக்குப் பயந்து எங்கே கட்டிப்போடுகிறோம் என்பதையும் யோசியுங்கள். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி; மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கூட்டிவரும் ஊர். விடியற்காலையில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று யாரையும் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி தடை. நேர்த்திக்கடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தூக்கம் கெடுவது, தனியாகப் பேசுவது, குளிக்காமல் ஒதுங்குவது, சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது. இவை இரண்டு வாரம் நீடித்தால் வந்துவிடுங்கள். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், அது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். நன்றாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கை நடுங்கினால், எடை கூடினால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். சென்னை தூரம் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

அந்தப் பையனின் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மடித்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, பரவாயில்லை. திங்கட்கிழமை மட்டும் போய்விடுங்கள்.